பழைய துணி மூட்டையில் நாம் எதைக் கட்டிக் கொடுக்கிறோம்?

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்ததும் வழக்கமான அறிவிப்புகளோடு இன்னோர் அறிவிப்பும் வாசிக்கப்பட்டது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு, இயன்றவர்கள் துணிமணிகளும் வீட்டுப் பொருட்களும் கொண்டுவந்து தரலாம் என்பதே அது. சனிக்கிழமைக்குள் சமுதாயக் கூடத்தின் ஒரு மூலை நிரம்பி, மேடை நிரம்பி, மூட்டைகள் வாசல்வரை வந்துவிட்டன. நம் மக்கள் கல்நெஞ்சர்கள் அல்லர் என்று நாங்கள் எல்லாரும் நெகிழ்ந்துபோனோம்.

அன்று மாலை மூட்டைகளைப் பிரிப்பதற்கு எட்டுப் பேர் உட்கார்ந்தோம். பிரிக்கப் பிரிக்க நெகிழ்ச்சி குறைந்தது. துவைக்காத சட்டைகள் வந்தன. ஈரத்தோடு கட்டியதால் பூஞ்சை பிடித்த பெட்ஷீட்டுகள் வந்தன. கொக்கி அறுந்த ஜாக்கெட், ஜிப் போன பேன்ட், ஒற்றைக்கால் செருப்பு, பள்ளியின் பெயர் பொறித்த சீருடை, பழைய உள்ளாடைகள், கைப்பிடி இல்லாத வாணலி, டப்பா இல்லாத மூடிகள் என வரிசை நீண்டது. நல்லவையும் இருந்தன. ஒரு பையில் ஐந்து புடவைகள், துவைத்து மடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்குரிய ஜாக்கெட்டும் உள்பாவாடையும் வைக்கப்பட்டிருந்தன. கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இரவு பதினொரு மணிக்கு எங்கள் முன் மூன்று குவியல்கள் இருந்தன. அப்படியே கொடுக்கத் தக்கவை, சரிசெய்தால் கொடுக்கத் தக்கவை, குப்பை. மூன்றாவது குவியலே மற்ற இரண்டையும்விடப் பெரியது.

மறுநாள் அந்தக் குடியிருப்புக்குப் போய்க் கொடுத்தோம். ஒரு தாய் தமக்குக் கிடைத்த புடவையை விரித்துப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி பட்டுத் தீய்ந்த ஓட்டை ஒன்று நடுவில் இருந்தது. எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை. "வேண்டாம்னா வச்சிடுங்கம்மா, வேற தர்றோம்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். அந்தத் தாய் புடவையை மடித்துக்கொண்டே சிரித்தார். "இருக்கட்டும்க்கா. வேணாம்னு சொன்னா அடுத்த தடவை எங்களைக் கூப்பிட மாட்டீங்கல்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தச் சிந்தனையை எழுதத் தூண்டியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் ஊர்ப் பழமொழி. பெறுகிறவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது. பெறுகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றால், அந்தப் பல்லைப் பார்க்கவேண்டிய கடமை யாருடையது? கொடுக்கிறவருடையது அல்லவா? இந்தக் கேள்வியை நாம் நமக்குள் கேட்டுக்கொள்வது அரிதாகவே இருக்கிறது.

நாகை கற்றுத்தந்த பாடம்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களில் அடங்குவர். நாடு முழுவதும் மக்கள் துடித்தெழுந்தனர். சில நாட்களிலேயே லாரி லாரியாக உதவிப் பொருட்கள் வரத் தொடங்கின. அவற்றில் பெரும்பகுதி பழைய துணி.

அடுத்து நடந்ததை அந்நாட்களில் நாகைக்குச் சென்றவர்கள் நேரில் கண்டார்கள். சாலையோரங்களிலும் முகாம்களின் அருகிலும் துணிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. மழையில் நனைந்தன, மண்ணில் புரண்டன, லாரிச் சக்கரங்களில் மிதிபட்டன. மீனவ மக்கள் பலர் அவற்றைத் தொட மறுத்தார்கள். கடற்கரை வெயிலுக்கும் அப்பகுதிப் பெண்களின் உடுத்தும் வழக்கத்துக்கும் பொருந்தாத உடைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய முடியும்? எல்லாவற்றையும் இழந்த பிறகும் இவர்களுக்கு இவ்வளவு திமிரா என்று பேசியவர்களும் உண்டு.

ஆனால், அந்த மக்கள் யார்? முந்தின நாள்வரை தங்கள் படகிலும் கட்டுமரத்திலும் கடலுக்குப் போய், தங்கள் உழைப்பில் உண்டு உடுத்தியவர்கள். யாரிடமும் கையேந்தி நின்றவர்கள் அல்லர். பிணங்களை அடக்கம் செய்து முடிக்குமுன் முன்பின் தெரியாதவரின் பழைய சட்டை ஒன்று அவர்கள் மேல் வீசப்பட்டபோது, வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. அவர்கள் எதிர்பார்த்தது வலை, படகு, தங்க ஓர் இடம், காணாமற்போனவர்களைப் பற்றிய தகவல். எங்களிடம் ஓட்டைப் புடவையை வாங்கிக்கொண்ட அந்தத் தாய்க்கு அப்படி மறுக்கும் துணிவு இல்லை. அடுத்த முறை நாங்கள் கூப்பிடாமல் போய்விடுவோம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. நாகை மீனவர்களின் மறுப்பைத் திமிர் என்பதா? சொல்ல முடியாமல் போன ஆயிரம் பேருக்காகவும் அவர்கள் சொன்ன பதில் அது என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

பாடம் கற்றோமா? 2018 ஆகஸ்ட் மாதக் கேரளப் பெருவெள்ளத்தின்போதும் சேகரிப்பு மையங்களில் பழைய துணிகள் குவிந்தன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது, பயன்படுத்திய துணிகளை அனுப்பவேண்டாம் என்று அரசுத் தரப்பிலேயே வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் பேரிடர் என்றதும் நம் கை முதலில் அலமாரியின் அடித்தட்டுக்கே போகிறது.

இலவசமாகக் கொடுத்ததற்கும் விலை உண்டு

நாம் இலவசமாகத்தானே கொடுத்தோம், யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். மூட்டை நம் வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அதை ஏற்ற ஒரு லாரி வேண்டும். லாரிக்கு டீசலும் ஓட்டுநரும் வேண்டும். வெள்ளத்தில் பாதி அறுந்துபோன சாலையில் அந்த லாரி நிற்கும் இடத்தில் குடிநீர் லாரி நிற்க முடியாது. இறக்கி வைக்கப் பள்ளிக்கூட அறை வேண்டும். அந்த அறையில் ஒரு குடும்பம் தங்கியிருக்கலாம். பிரிக்க ஆட்கள் வேண்டும். அவர்கள் அந்நேரத்தில் சமையலுக்கோ மருத்துவ முகாமுக்கோ உதவியிருக்கலாம். கடைசியில், பயன்படாதவற்றை அப்புறப்படுத்த வேண்டும். அந்த வேலை தூய்மைப் பணியாளர்களின் தலையில் விழுகிறது. சேற்றையும் செத்த கால்நடைகளையும் அள்ளிக்கொண்டிருக்கும் அவர்களிடம் நம் வீட்டுக் குப்பையையும் அனுப்பி வைக்கிறோம். நம் ஊர்க் குப்பை வண்டியில் போகவேண்டியது முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, துயரத்தில் இருக்கும் ஊரின் குப்பை மேட்டில் சேர்கிறது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் வீட்டுக் கூரைகள் பறந்தன, தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அவ்வூர் மக்களுக்கு அப்போது தேவைப்பட்டவை தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, குடிநீர், பெண்களுக்கான நாப்கின், விழுந்த மரங்களை அறுக்க இயந்திரம். கேட்டுவிட்டுப் போனவர்கள் இவற்றைக் கொண்டுபோனார்கள். கேட்காமல் போனவர்கள் துணி கொண்டுபோனார்கள்.

நிவாரணப் பணியில் பழகியவர்கள் பணமாகத் தரச் சொல்வதற்கும் காரணம் இதுவே. பணம் நனையாது. பிரிக்கத் தேவையில்லை. அதை வைத்துப் பக்கத்து ஊர்க் கடையில் நைட்டியும் லுங்கியும் பாவாடையும் வாங்கினால், அந்தக் கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் வியாபாரம் நடக்கும். பேரிடரில் அவர்களும் நொடிந்துபோனவர்களே. பணம் கொடுத்தால் தவறாகப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதுதான். கணக்குக் காட்டும் அமைப்பைத் தேடிக் கொடுத்தால் அந்த அச்சம் தீரும். பழைய துணி கொடுப்பதால் அது தீராது.

நம் அலமாரிகள் ஏன் வழிகின்றன?

முன்பெல்லாம் நம் வீடுகளில் ஒரு துணிக்குப் பல பிறவிகள் இருந்தன. அப்பாவின் வேட்டி பழசானால் குழந்தைக்குத் தூளியாகும். பாட்டியின் பருத்திப் புடவை மெத்தென்று ஆனபின் பிறந்த குழந்தையைப் பொதியும். கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி, அதுவும் நைந்தால் விளக்குத் திரி. கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும். அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். தெருவில் பாத்திரக்காரர் வருவார். பழைய துணி மூட்டைக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கும். அம்மா அவரிடம் அரைமணி நேரம் பேரம் பேசுவார்.

அந்தச் சங்கிலி இன்று பல இடங்களில் அறுந்துவிட்டது. காரணம் நம் மனம் மாறியது மட்டுமல்ல, துணியே மாறிவிட்டது. இன்று நாம் வாங்கும் மலிவு உடைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் கலந்தவை. அது தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே தரை துடைக்க உதவாது. தூளியாகக் கட்டினால் குழந்தைக்கு வியர்க்கும். அடுப்படியில் பிடிதுணியாக வைத்தால் ஆபத்து. தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் போட்டால் மக்காது. இன்னொரு பக்கம், தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் மட்டும் எடுத்த துணியை இன்று ஆடித் தள்ளுபடிக்கும் எடுக்கிறோம், கைப்பேசியைத் தட்டியும் எடுக்கிறோம். வீட்டுக்குள் வருவது பெருகிவிட்டது, வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகும் வழி அடைந்துவிட்டது.

அப்படியானால் மிஞ்சுவதை என்ன செய்வது? போகியில் எரிப்பது ஒரு வழியாக இருந்தது. டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் சேர்ந்து எரிந்த புகையால் 2018 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைபட்டன. போகிக்குமுன் பழைய துணிகளையும் டயர்களையும் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்குமாறு சென்னை மாநகராட்சி பிற்பாடு வேண்டுகோள் விடுத்தது. எரிக்கவும் கூடாது, எறியவும் மனமில்லை. அந்த நேரத்தில் நமக்கு ஏழை நினைவுக்கு வருகிறார். இந்த இடத்தில்தான் நம் மனசாட்சியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய தேவையை நினைத்துக் கொடுக்கிறோமா, நம் அலமாரியின் தேவையை நினைத்துக் கொடுக்கிறோமா?

தூக்கி எறியும் கலாச்சாரம் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அடிக்கடி எச்சரித்தார். 2015-இல் வெளிவந்த அவருடைய சுற்றுச்சூழல் பற்றிய சுற்றுமடலிலும் அது இடம்பெற்றது. தூக்கி எறிவதைத் தானம் என்று பெயரிட்டுச் செய்தாலும் அது தூக்கி எறிவதே.

மூட்டைகள் போய்ச் சேரும் ஊர்கள்

இது நம் தெருவோடு முடிகிற கதையும் அல்ல. அரியானா மாநிலத்தின் பானிப்பட் நகருக்கு உலகின் பல நாடுகளிலிருந்து பழைய கம்பளித் துணிகள் வருகின்றன. அவற்றை நிறம் பிரித்து, பொத்தானும் ஜிப்பும் அறுத்து, இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக நூற்கிறார்கள். பேரிடர்க் காலங்களில் நிவாரணமாகக் கொடுக்கப்படும் மலிவு விலைப் போர்வைகளில் பல அந்த நூலில் நெய்தவை. பழைய துணிக்குப் புது வாழ்வு தரும் தொழில் அது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், அந்தத் தூசியை நாளெல்லாம் சுவாசித்து, கூலிக்குத் துணி கிழிக்கும் பெண்களின் நுரையீரலும் அந்தப் போர்வையின் விலையில் சேர்ந்திருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கண்டமாண்டோ என்று ஒரு சந்தை உண்டு. பணக்கார நாடுகளின் மக்கள் தானமாகப் பெட்டிகளில் போட்ட உடைகள் தரகர்கள் கைமாறி, இறுக்கிக் கட்டிய பேல்களாக அங்கு வந்திறங்குகின்றன. வாரத்துக்குச் சுமார் 1.5 கோடி உருப்படிகள் வருவதாக அங்குப் பணிபுரியும் அமைப்பு ஒன்று மதிப்பிட்டுள்ளது. இறந்துபோன வெள்ளைக்காரரின் உடைகள் என்பது அந்த மக்கள் அதற்கு வைத்த பெயர். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவர் யாராவது விடுவாரா என்று தொடக்கத்தில் வியந்தார்களாம். இன்று வியாபாரி கடன் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பேலை வாங்குகிறார். பிரித்தபின் விற்கத் தகாதது நிறைய இருந்தால் நட்டம் அவருடையது. எஞ்சியது சாக்கடையிலும் கடற்கரையிலும் சேர்கிறது. 2025 புத்தாண்டு நாள் இரவில் அச்சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையானது. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தார்கள்.

ருவாண்டா நாடு 2016-இல் தன் உள்நாட்டு ஆடைத் தொழிலைக் காக்க, பழைய துணி இறக்குமதிக்கு வரியைப் பன்மடங்கு உயர்த்தியது. அதற்குப் பதிலாக 2018-இல் அமெரிக்கா, ருவாண்டாவின் ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச்சலுகையை நிறுத்தி வைத்தது. உங்கள் பழைய துணி எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு நாடு சொன்னாலும் தண்டனை உண்டு! ஓட்டைப் புடவையைப் பெற்ற தாயின் அச்சமும் ஒரு நாட்டின் அச்சமும் ஒன்றாக இருப்பதை இங்கே காண்கிறோம். வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் கொடுக்கும்போது, கொடுக்கிறவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

மதிப்போடு கொடுப்பதும் முடியும்

இதையெல்லாம் படித்துவிட்டு இனி யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. உடைத் தேவை உண்மையானது. வட இந்தியக் குளிரில் போர்வையின்றி இறக்கிறவர்கள் உண்டு. மாதவிடாய் நாட்களில் சுத்தமான துணிக்கு வழியில்லாத பெண்கள் உண்டு. ஒரே ஒரு சட்டையோடு நம் ஊருக்கு வேலைக்கு வரும் புலம்பெயர் தொழிலாளர்கள் உண்டு.

இத்தேவையை வேறு கண்ணால் பார்த்தவர் அன்ஷு குப்தா. தில்லியில் ஆதரவற்ற பிணங்களை அள்ளும் ஒருவரைச் சந்தித்து எழுதியபோது, குளிர்காலத்தில் அந்த வேலை அதிகமாவதை அறிந்தார். கொல்வது குளிரா, உடையின்மையா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. 1999-இல் தம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 உருப்படிகளோடு 'கூஞ்ச்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 2015-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த துணிகளைச் சேகரித்து, பிரித்து, பயன்படும்படி செய்ததும் அந்த அமைப்புதான்.

அவர்கள் முறையில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியவை. வரும் துணியைத் துவைத்து, தைத்து, யாருக்கு எது பொருந்தும் என்று பிரித்த பின்னரே கொடுக்கிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணி, பெண்களுக்கான மாதவிடாய்த் துணியாக மாறுகிறது. இரண்டாவது, கிராம மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான கிணற்றையோ பாதையையோ மூங்கில் பாலத்தையோ தாங்களே கூடி அமைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மதிப்பளித்து உடைகள் தரப்படுகின்றன. கை நீட்டி வாங்கவேண்டிய நிலை அங்கே இல்லை. பெறுகிறவர் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகிறார்.

இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் பழைய பொருள் கடைகளை நடத்துகிறார்கள். குறைந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு உதவுகிறார்கள். ஏழைகளிடமே காசு வாங்குவதா என்று முதலில் தோன்றும். ஆனால், ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்குகிறவர் நான்கு சட்டையைப் புரட்டிப் பார்த்து, அளவு சரியில்லை என்று வைத்துவிட்டு, ஐந்தாவதை எடுக்கலாம். நிறம் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். அதாவது, அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்! அந்த உரிமையை ஐம்பது ரூபாய் அவருக்கு வாங்கித் தருகிறது. இலவசமாகவே கொடுக்க விரும்பினாலும், மூட்டையாகக் கையில் திணிக்காமல், கடைபோல் மாட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். திருநெல்வேலியில் அமைக்கப்பட்ட 'அன்புச் சுவர்' போன்ற முயற்சிகள் இந்த எண்ணத்தில் பிறந்தவையே. ஆனால், நாள்தோறும் பராமரிக்க ஒருவர் இல்லாத சுவர் விரைவில் குப்பைத் தொட்டியாகிவிடும்.

துணி தவிர மற்றவை

வீட்டுப் பொருட்களில் கவனம் இன்னும் தேவை, ஏனெனில் இங்கே மரியாதையோடு உயிரும் சேர்ந்திருக்கிறது. வயர் நைந்த மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் வாங்குகிறவரின் ஒரே அறையில், ஈரத் தரையில் இயங்கப்போகின்றன. வாஷர் தளர்ந்து, பாதுகாப்பு வால்வு அடைத்த பிரஷர் குக்கர் அடுப்படியில் வெடிக்கக் கூடியது. எலக்ட்ரீசியனிடமோ பழுது பார்ப்பவரிடமோ காட்டி, ஓட்டிப் பார்த்த பின்பே கொடுக்க வேண்டும். ஒரு முறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் மறுமுறை தலையைக் காக்காது. அதை யாருக்கும் தரக்கூடாது.

பிக்சர் டியூப் வைத்த பழைய டிவி இன்று பல வீடுகளில் பரணில் தூங்குகிறது. அதன் கண்ணாடியில் ஈயம் உண்டு. டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. இவற்றை வாங்குகிறவர் உடைத்துச் செம்புக் கம்பியை எடுக்கும்போது நஞ்சு அவர் குழந்தைகளைச் சேர்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடமே இவை போய்ச் சேர வேண்டும். மாநகராட்சி அறிவிக்கும் மின்கழிவுச் சேகரிப்பு நாட்களை நாம் கவனிக்கலாம்.

மீதி மருந்துகளை எந்த முகாமுக்கும் அனுப்பவே கூடாது. மெத்தை, தலையணை கொடுப்பதாக இருந்தால் மூட்டைப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பாடநூல்களிலும் யோசனை தேவை. தமிழகத்தில் 2018 முதல் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது, அதற்கு முந்தைய நூல்கள் மாணவருக்கு உதவா. அரசுப் பள்ளிகளில் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அகராதி, கதை நூல், எழுதாத நோட்டு ஆகியவை என்றும் பயன்படும்.

கொடுக்குமுன் நாம் செய்யவேண்டியவை

முதலாவது, கேட்போம். யாருக்கு, எந்த வயதினருக்கு, என்ன தேவை என்று தெரியாமல் மூட்டை கட்டவேண்டாம். முதியோர் இல்லத்துக்குத் தேவை நைட்டியும் துண்டும் பெட்ஷீட்டுமாக இருக்கலாம், நம்மிடம் இருப்பது ஜீன்ஸாக இருக்கலாம்.

இரண்டாவது, துவைத்து, நன்றாகக் காயவைப்போம். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, பொத்தான் தைத்து, கொக்கி மாற்றி, ஜிப் சரிசெய்வோம். தெருமுனைத் தையல்காரருக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால் முடிகிற வேலை இது. அந்த நாற்பது ரூபாயைப் பெறுகிறவரின் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

மூன்றாவது, இணைத்துக் கொடுப்போம். புடவையோடு ஜாக்கெட்டும் உள்பாவாடையும், சுடிதாரோடு துப்பட்டாவும், செருப்பு இரண்டும் சேர்த்துக் கட்டியும், டப்பாவோடு மூடியும் இருக்கட்டும். உள்ளாடை கொடுப்பதானால் புதிதாக வாங்கிக் கொடுப்போம்.

நான்காவது, பைகளைச் சோதிப்போம். ஏ.டி.எம். அட்டையும் குடும்ப அட்டை நகலும் பேன்ட் பையிலேயே போய்விடுவது உண்டு. பழைய கைப்பேசி என்றால் உள்ளிருப்பதை அழித்துவிட்டுத் தருவோம்.

ஐந்தாவது, கொடுக்கத் தகாததைத் தயங்காமல் தனியே எடுப்போம். பருத்தியானால் வீட்டிலேயே துடைதுணியாகட்டும். மற்றவற்றுக்கு, 2023-இல் நாடெங்கும் நகராட்சிகள் மறுபயன்பாட்டு மையங்களைத் திறந்தன. நம் ஊரில் அப்படி ஒன்று இயங்குகிறதா என்று விசாரிக்கலாம். எதுவும் இல்லையென்றால் குப்பையைக் குப்பை என்றே ஒப்புக்கொண்டு உலர்கழிவில் சேர்ப்போம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு எளிய உரைகல் உண்டு. இந்தச் சட்டையை நம் தம்பி மகனுக்கு, அவனுடைய அம்மா பார்க்கும்போது, கூச்சமில்லாமல் கொடுப்போமா? கொடுப்போம் என்றால் பையில் வைப்போம்.

பெறுகிற நிறுவனங்களும் சிந்திக்கட்டும்

குற்றத்தைக் கொடுக்கிறவர்கள் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. எங்கள் ஆலயத்தில் வாசித்த அறிவிப்பில் என்ன தேவை என்று சொல்லவே இல்லையே! "இயன்றதைக் கொண்டுவாருங்கள்" என்றோம், இயன்றது வந்தது. கொடுப்பவர் மனம் நோகுமே என்று எதையும் மறுக்காமல் வாங்கினோம். கொடுப்பவரின் மனம் நோகக்கூடாது என்பதில் காட்டிய கவனத்தைப் பெறுகிறவரின் மனம் நோகக்கூடாது என்பதில் காட்டவில்லை. பங்குகளும் பள்ளிகளும் இல்லங்களும் தேவைப் பட்டியலை எழுதி ஒட்டலாம். வாங்கும்போதே பையைத் திறந்து பார்க்கலாம். இது வேண்டாம் என்று பணிவோடு திருப்பித் தரலாம். கொடுக்கும்போது வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பதை அறவே விட்டுவிடலாம்.

நேரமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்து, இதில் பொத்தான் வேறு தைக்கவேண்டுமா? நியாயமான கேள்வி. நேரமில்லாதவர் அந்த மூட்டைக்குப் பதிலாக ஒரே ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுக்கட்டும். பத்துக் கிழிசலைவிட அது மேல். ஏழைக்கு எதுவும் இல்லாததற்கு ஏதோ ஒன்று கிடைக்கட்டுமே என்ற வாதமும் உண்டு. பொறுக்கிப் பிரிப்பதும் தைப்பதும் எறிவதும் அவர் வேலையாகும்போது, ஏதோ ஒன்றோடு நம் சுமையும் அவருக்குக் கிடைக்கிறது.

யோப்பா நகரில் வாழ்ந்த தபித்தா என்னும் பெண்ணைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே, அவர் தங்களோடு இருந்தபோது செய்து தந்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டினார்கள். காட்டத் தக்க ஆடைகளாக அவை இருந்தன! அவற்றில் அந்தப் பெண்ணின் கை இருந்தது, நேரம் இருந்தது. நாம் கொடுத்த துணியை நாளை யாராவது பெருமையோடு எடுத்துக் காட்டுவார்களா?

எங்கள் கூடத்துக்கு வந்த அந்தப் பையில் புடவையோடு ஜாக்கெட்டையும் உள்பாவாடையையும் சேர்த்து மடித்து வைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அவர் கொடுத்த ஐந்து புடவைகளையும் பெற்றவர்கள் விரித்துப் பார்க்கத் தேவையில்லாமல் வாங்கிப் போனார்கள். அடுத்த மழைக்காலமும் வரும். மறுபடியும் அறிவிப்பு வாசிக்கப்படும். அப்போது, நாம் கட்டும் மூட்டையை நாமே ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். கொடுக்கிற மாட்டின் பல்லை, கொடுக்குமுன் நாமே பார்ப்போம்.